இறக்கத்தின் உறுதி: பதுளைப் புகையிரதப் பாதையும் ஐயத்தின் வரலாறும்

1

மலைநாட்டின் பொருளாதார வரலாறு பெரும்பாலும் ஏற்றத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடு வெட்டப்பட்டமை, கோப்பி நடப்பட்டமை, தொழிலாளர் மலையேற்றப்பட்டமை, பாதையும் தண்டவாளமும் அவர்களைத் தொடர்ந்து மேலேறியமை என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமைந்தன. ஏறியது இறங்கியாக வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் இறக்கம் எத்தகைய பொறியியற் சிக்கல்களையும், அவற்றினூடாக எத்தகைய சமூகச் சிக்கல்களையும் தோற்றுவித்தது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் முன்வைத்து இவ்விடயத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே பாதையின் இரு திசைகள் மட்டுமல்ல. ஏற்றத்தில் இயந்திரத்தின் வலு சோதிக்கப்படுகின்றது. வலு போதாதாயின் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் சோதிக்கப்படுவது அமைப்பின் உறுதியாகும். உறுதி போதாதாயின் வண்டி நிற்காது. இதனாலேயே மலையிறக்கத்துக்கென ஆக்கப்படும் எப்புதிய அமைப்பைப் பற்றியும் முதலில் எழும் வினா, இது நீடிக்குமா என்பதாக இருக்கின்றது. 1976 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர் சிலர் பழைய துவிச்சக்கரவண்டிகளில் மலைச்சரிவொன்றில் இறங்கிப் போட்டியிடத் தொடங்கினர். அவ்வண்டிகளின் பிற்சில்லுக் குடத்தினுள்ளே தடை அமைந்திருந்தது. ஒரே இறக்கத்தின் வெப்பத்தில் குடத்திலிருந்த மசகு எரிந்து புகைந்தது. ஒவ்வொரு முறையும் மீண்டும் மசகு அடைத்தல் வேண்டியிருந்தது. அச்சரிவுக்கு 'ரீபேக்' என்ற பெயர் இதனாலேயே ஏற்பட்டது. மலையிறங்கும் துவிச்சக்கரவண்டியின் வரலாறு இவ்வாறு ஓர் உறுப்பின் தோல்வியோடு தொடங்குகின்றது. 1989 இல் அதிர்ச்சி தாங்கும் முன்கவை சந்தைக்கு வந்தபோதும், அதற்குப்பின் பின்சில்லுக்கும் விற்சுருள்களும் இணைப்புத் தண்டுகளும் பூட்டப்பட்டபோதும், அதே வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. அசையும் உறுப்புக்கள் மிகுந்தால் தேயும் இடங்களும் மிகும் என்ற அனுபவ அறிவே அவ்வினாவின் அடிப்படை.

எனவே நீடிப்பு பற்றிய ஐயம் அறியாமையின் விளைவன்று. அது பெரும்பாலும் உழைப்பனுபவத்தின் விளைவாகும். ஆனால் வரலாற்று மாணவர் இவ்விடத்து நின்றுவிட முடியாது. ஐயுறுவோர் யாவர்? யாருடைய ஐயம் ஏட்டிலே பதிவு பெறுகின்றது? ஐயம் மெய்யாகும்போது யாருடைய உடல் அதற்கு விலை கொடுக்கின்றது? பதுளைப் பாதையின் வரலாறு இம்மூன்று வினாக்களுக்கும் இடந்தருகின்றது.

2

1817-18 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் இப்பிரதேசத்தில் அமைந்த பாதைகள் முதலில் இராணுவத் தேவைக்கானவை. பின்னரே வணிகத் தேவைக்குரியனவாயின. பதுளையில் அதிகாரஞ் செலுத்திய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் பாதையமைப்பில் ஊக்கங் காட்டியவர். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். அவர் காலத்துப் பாதைகளில் பொதிமாடுகளும் மாட்டுவண்டிகளுமே பண்டங்களைக் காவின. மாட்டுவண்டி மலையிறங்கும்போது அதன் பாரம் முழுவதும் முன்னோக்கித் தள்ளும். அத்தள்ளலை நுகத்தின் கீழுள்ள கழுத்தே தாங்குகின்றது. வேறு சொற்களிற் கூறுவதாயின், அக்கால இறக்கத்தின் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு விலங்கின் உடலும், அதைப் பிடித்து நடந்த வண்டிக்காரனின் கையுமேயாகும்.

1869 இல் மடுல்சீமையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்ட கோப்பியிலை நோய் அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பிப் பொருளாதாரத்தை வீழ்த்தியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பி பருவத்துக்குரிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட்டு, உடனே தொழிற்சாலையிற் பதப்படுத்தப்பட்டு, இடையறாது துறைமுகத்துக்கு அனுப்பப்படவேண்டியது. தொழிற்சாலைக்குரிய இயந்திரங்களும் கொழும்பிலிருந்து மேலே வரவேண்டியிருந்தன. மூலதனத்தின் இத்தேவையே தண்டவாளத்தை ஊவாவுக்கு இழுத்தது. புகையிரதம் 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1893 இல் அப்புத்தளையையும், 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையருகே தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கியமையை இவ்வாண்டுகளோடு சேர்த்து நோக்குதல் வேண்டும்.

ஆனால் பண்டாரவளையிலிருந்து பதுளைக்குச் செல்லும் எஞ்சிய 20 மைல் அளவான தூரத்துக்கு மேலும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1924 இலேயே புகையிரதம் பதுளையை அடைந்தது. முதலாம் உலகப்போர் இத்தாமதத்துக்கு ஒரு காரணம். நிலத்தின் இயல்பு மற்றொரு காரணம்.

3

மலைநாட்டுப் பாதையின் உச்சி பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேல் அமைந்துள்ளது. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடியிலும், பதுளை ஏறத்தாழ 2,200 அடியிலும் உள்ளன. இப்பாதையின் மிகக் கடிய சரிவு 44க்கு 1 என வரையறுக்கப்பட்டது. அதாவது 44 அடி முன்செல்லும்போது 1 அடிக்கு மேல் இறங்கலாகாது. இவ்விதிப்படி 1,800 அடி இறங்குவதற்குக் குறைந்தது 15 மைல் நீளமான பாதை தேவை. நிலையங்களிலும் வளைவுகளிலும் சரிவைத் தளர்த்தவேண்டியிருத்தலின் அந்நீளம் மேலும் கூடும். ஆகவே ஊவாவின் சரிவில் பொறியியலாளர் எதிர்கொண்ட சிக்கல், குறுக்குவழி தேடுவதன்று. நீளமான வழியைக் குறுகிய பள்ளத்தாக்கினுள் மடித்து வைப்பதாகும்.

இதே சிக்கலுக்கு வேறு தீர்வுகளும் அக்காலத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் நீலகிரிப் பாதை 1899 இல் குன்னூரையும் 1908 இல் உதகமண்டலத்தையும் அடைந்தது. அங்கு சரிவு ஏறத்தாழ 12க்கு 1 ஆதலால், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டு, இயந்திரத்தின் பற்சில்லு அதனைப் பற்றி ஏறி இறங்குகின்றது. ஊவாவில் அம்முறை கையாளப்படவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஐந்தரை அடி அகலப்பாதை இடைமாற்றமின்றிப் பதுளை வரை சென்றது. தேயிலைப் பெட்டி ஏற்றிய பெட்டகம் துறைமுகம் வரை மீண்டும் இறக்கி ஏற்றப்படத் தேவையில்லை என்பதே இதன் பொருளியற் பயன். நானுஓயாவிலிருந்து இராகலைக்குச் சென்ற இரண்டரை அடிக் குறும்பாதைக்கு இப்பயன் இருக்கவில்லை. 1903-04 இல் திறக்கப்பட்ட அப்பாதை 1940களில், வீதிப் போக்குவரத்தின் போட்டியினிடையே, கைவிடப்பட்டது. அதன் இரும்பு தேயுமுன்னரே அதன் பொருளாதாரம் தேய்ந்துவிட்டது. நீடிப்பு என்பது பொருளின் குணம் மட்டுமன்று என்பதற்கு இது ஒரு சான்று.

ஊவாப் பாதையைப் பற்றி மற்றொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் தேயிலை முதலில் பட்டிப்பொலை வரை ஏறியே பின்னர் இறங்கவேண்டும். பட்டிப்பொலையிலிருந்து பதுளை நோக்கி இறங்கியவை அரிசி, உரம், இயந்திரம், தொழிலாளர் என்பனவாகும். ஊவாவில் தேயிலை ஏறியது, மனிதர் இறங்கினர். இறக்கத்தின் ஆபத்து யாருடையது என்ற வினாவுக்கு இவ்வுண்மை ஒரு பகுதி விடையாகும்.

4

மடிப்பின் மிகத் தெளிவான வடிவம் தெமோதரையில் உள்ளது. தெமோதரை நிலையத்தைக் கடந்த பாதை குன்றொன்றைச் சுற்றிவந்து, அந்நிலையத்துக்கு அடியாகவே சுரங்கத்தினூடு புறப்படுகின்றது. இவ்வமைப்புப் பற்றி மலையகத்தில் வழங்கும் கதை யாவரும் அறிந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர வழிதெரியாது நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டார் எனவும், சுற்றிச்செல்லும் துணியின் மடிப்பு அவருக்கு வழிகாட்டிற்று எனவும் கதை கூறுகின்றது.

இலக்கிய மாணவர் என்ற வகையில் இக்கதையை வெறும் பொய்யெனத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வரலாற்று மாணவர் என்ற வகையில் அதை அப்படியே ஏற்கவும் இயலாது. சுழன்றிறங்கும் பாதை அக்காலத்துப் பொறியியலுக்குப் புதிதன்று. 1881 இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் பாதையில் சுற்றுவழிகள் இருந்தன. 1882 இல் திறக்கப்பட்ட சுவிற்சலாந்தின் கொத்தார்ட் பாதை மலையினுள்ளே சுழலும் சுரங்கங்களைக் கொண்டிருந்தது. ஆகவே தெமோதரைக்குத் தலைப்பாகை இன்றியமையாததன்று. அவ்வாறாயின் கதை ஏன் பிறந்தது?

அந்நியரின் அறிவென்று கருதப்பட்ட ஒன்றில் தம் மண்ணவருக்கும் பங்குண்டு என்ற உணர்வை இக்கதை நிலைநாட்டுகின்றது. சிங்களப் பொறியியலாளரும் தமிழ்க் கங்காணியும் அதில் ஒன்றிணைகின்றனர். இஃது அதன் ஆக்கபூர்வமான பக்கம். ஆனால் கதையின் எல்லையும் அதிலேயே உள்ளது. கங்காணிக்குப் பெயரில்லை, அவருக்குத் தலைப்பாகை மட்டுமே உண்டு. தோட்ட அமைப்பில் தலைப்பாகை அணிந்த கங்காணி தொழிலாளரைத் திரட்டிக் கடனிற் கட்டிவைத்த இடைத்தரகர். சுரங்கத்தைக் குடைந்தவரும் மண் சுமந்தவரும் கதையினுள் வரவேயில்லை. நாட்டார் வழக்கிலும் வர்க்க அடுக்கு பதிவாகின்றது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தமை, இவ்வாறு விடுபட்டோரின் குரலை மீட்கும் பணியாகவே மதிக்கப்படுதல் வேண்டும்.

5

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, கொட்டுவலையில், 1921 இல் நிறைவுற்ற ஒன்பது வளைவுப் பாலம் நிற்கின்றது. நீளம் ஏறத்தாழ 300 அடி. உயரம் ஏறத்தாழ 80 அடி. ஒன்பது வளைவுகள் மேலே தாங்கிநிற்கும் பாதை நேரானதன்று. அதுவும் வளைந்தே செல்கின்றது. இதற்கும் ஒரு கதையுண்டு. போரின் தேவைக்காக உருக்கு வேறிடத்துக்குச் சென்றுவிட்டது, வேலை நின்றது, பி. கே. அப்புகாமி என்பவர் கல், செங்கல், சீமெந்து கொண்டே பாலத்தைக் கட்ட முன்வந்தார், வெள்ளையர் ஐயுற்றனர், முதற் புகையிரதம் செல்லும்போது பாலத்தின் கீழே படுத்துத் தம் உயிரை அவர் பிணைவைத்தார் என்பது கதை.

ஏட்டுச் சான்று இதனின்று வேறுபடுகின்றது. 1923 இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கை, இதனைக் கொங்கிறீற்றுப் பாலமாகவே விவரித்து, வரைபடங்களையும் தருகின்றது. புகையிரத நிர்மாணப் பகுதியைச் சேர்ந்த ஹரல்ட் கத்பேட் மார்வுட் அதன் வடிவமைப்பாளராகக் குறிக்கப்படுகிறார். உருக்கில்லாக் கொங்கிறீற்று வளைவுகளும் அன்று முற்றிலும் புதியன அல்ல. ஸ்கொட்லாந்தின் கிளென்ஃபினன் பாலம் அவ்வகையில் 21 வளைவுகளோடு 1901 இலேயே புகையிரதத்தைத் தாங்கத் தொடங்கிவிட்டது. அதுவும் வளைந்து செல்லும் பாலமே.

உருக்கின்மை குறைபாடு என்ற எண்ணத்தையும் நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும். கல்லும் கொங்கிறீற்றும் அமுக்கத்தை நன்கு தாங்குவன, இழுவையைத் தாங்காதன. வளைவு என்னும் வடிவம் மேலுள்ள பாரம் முழுவதையும் அமுக்கமாக மாற்றித் தூண்களின் வழியே நிலத்துக்கு இறக்குகின்றது. அதனுள் இழுவை தோன்றாதவரை உருக்குக்கு அங்கு வேலையில்லை. மாறாக, 1879 இல் இடிந்து வீழ்ந்து, தன்மீது சென்ற புகையிரதத்தையும் பயணிகளையும் ஆற்றிலாழ்த்திய ஸ்கொட்லாந்தின் டே பாலம் இரும்பினாலானது. குறைபாடுள்ள வார்ப்பும், காற்றுக்குப் போதாத பிணைப்பும், கவனிப்பின்மையும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்களாயின. எனவே பழைய பொருள் நிலையற்றது, புதிய பொருள் நிலையானது என்ற வாய்பாட்டையோ அதன் மறுதலையையோ வரலாறு ஏற்பதில்லை.

கதை கூறும் உள்ளூர்ப் பொருட்பெருமையிலும் ஒரு முரண்பாடுண்டு. இலங்கையிற் சீமெந்துத் தொழிற்சாலை காங்கேசன்துறையில் 1950 இலேயே இயங்கத் தொடங்கிற்று. 1921 இல் கொட்டுவலையிற் கலக்கப்பட்ட சீமெந்து கப்பலேறி வந்ததேயாகும். முற்றிலும் இவ்விடத்ததாக இருந்தது உழைப்பு மட்டுமே. அவ்வுழைப்பாளருள்ளும் பலர் கடல் கடந்து வந்தவர் அல்லது அவர்தம் மக்கள்.

ஆயினும் கதையின் மையப் படிமத்தை நாம் மதிக்கவேண்டும். தான் கட்டியதன் கீழ் தானே படுப்பது உலகின் பல நாடுகளிலும் பாலங்களைப் பற்றி வழங்கும் கதைக்கூறு. அதன் அறக்கருத்து தெளிவானது: ஓர் அமைப்பு உறுதியானதெனக் கூறுபவர் அவ்வுறுதிக்குத் தம் உடலைப் பிணைவைக்கவேண்டும். இக்கருத்தை மனத்திருத்தி மேற்செல்வோம்.

6

பாதை நிலைத்துவிட்டபின் ஐயம் வண்டிகளின் மீது திரும்புகின்றது. மலைநாட்டுப் பாதையின் மிகக் கடிய வளைவுகள் 5 சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர், ஆரையுடையவை. நீண்ட விறைப்பான சட்டத்திற் பூட்டிய சில்லுகள் இத்தகைய வளைவில் வெளித்தண்டவாளத்தை அரைத்துச் செல்லும். சில்லின் விளிம்பும் தேயும், தண்டவாளமும் தேயும். இதற்குத் தீர்வாக, சில்லுகள் குறுகிய தனித்தொகுதிகளாக வண்டியுடலின் கீழ்த் திரும்பத்தக்கவாறு அமைக்கப்பட்டு, இடையே விற்கள் வைக்கப்படுகின்றன. 1927 இல் அகலப்பாதைக்கு வந்த காரட் வகை நீராவி இயந்திரம், கொதிகலனை நடுவே தொங்கவிட்டு இருபுறமும் இரு இயந்திரத் தொகுதிகளைத் திரும்பவிட்டது. முதலில் ஒன்றும், 1945 இல் எட்டும் வந்தன. 1954 தொடக்கம் கனடாவிலிருந்து கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த எம்2 வகை டீசல் இயந்திரங்களின் ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று அச்சுக்கள் இருந்தன. நடு அச்சு இழுப்பதில்லை. பாரத்தைப் பகிர்வது மட்டுமே அதன் வேலை. மெலிந்த பாதைக்கும் கடிய வளைவுக்கும் பொருந்திய இவ்வமைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மலையேறி இறங்கி உழைத்தது.

இந்நீடிப்பின் இரகசியம் வடிவமைப்பில் மட்டும் இல்லை. விற்களை மாற்றியோர், தடைக்கட்டைகளைத் தேயத்தேயப் புதுப்பித்தோர், மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் பாதையில் நடந்து சரளைக்கற்களை இறுக்கியோர், வடிகாலைத் துப்புரவு செய்தோர் ஆகியோரின் உழைப்பே அவ்விரகசியம். ஒன்பது வளைவுப் பாலமும் அவ்வாறே. அதன் பகை பாரமன்று, நீர். வளைவின் மேல் நிரப்பிலே நீர் தேங்காது வடியும்வரை அது நிற்கும். நீடிப்பு எனப்படுவது உறைந்துபோன பண்பன்று. நாள்தோறும் மீளவும் உற்பத்தி செய்யப்படும் உறவு. மூலதனம் தனக்கு வேண்டியவற்றில் இவ்வுழைப்பைச் செலவிடத் தயங்குவதில்லை.

7

இவ்விடத்திலேயே எமது வினா கூர்மையடைகின்றது. பாலத்தின் உறுதியை அளந்து, எடையேற்றிச் சோதித்து, ஏட்டிற் பதிந்த அதே சமூகம், அதே சரிவுகளில் தொழிலாளர் வாழ்ந்த லயங்களின் உறுதியை எவ்வாறு நோக்கியது? 10 அடிக்கு 12 அடி என அமைந்த லயத்து அறைகள் கோப்பிக் காலத்தின் மரபிலே தோன்றியவை. உற்பத்திக்கு அண்மை, கண்காணிப்புக்கு எளிமை, செலவுச் சுருக்கம் என்பனவே அவற்றின் இடத்தைத் தீர்மானித்தன. தேயிலைக்கு நல்ல நிலம் ஒதுக்கப்பட்டபின் எஞ்சிய சரிவே குடியிருப்புக்குக் கிடைத்தது.

1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பதுளை நிலையத்திலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் அதே ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தே சென்றன. தம் முன்னோர் உழைத்த பாதை அவர்களை வெளியேற்றவும் உறுதியாகவே நின்றது. எஞ்சியோருள் நாடற்றோர் பிரச்சினை 2003 இன் சட்டத்தோடே பெரும்பாலும் தீர்ந்தது. வாழும் நிலத்தின் மீது உரிமையில்லாத ஒருவர், அந்நிலத்தின் உறுதியைப் பற்றி ஐயுற்றாலும் அவ்வையத்தைப் பதிவதற்கு ஏடு எங்கே?

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அச்சரிவு ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஐயம் இருந்தது, அது அறிவியல் ஐயமாகவும் இருந்தது. ஆனால் அதனைச் செயலாக மாற்றும் சமூக வலு எவர் பக்கத்தில் இருந்தது என்பதே வினா. உயிர்தப்பியோருட் பலர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே தங்கநேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு இரையாயிற்று. மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. பாதையின் சிதைவும் லயத்தின் சிதைவும் ஒரே மழையின் விளைவுகள். ஆயினும் பாதைக்கு வரைபடமுண்டு, சரிவின் அளவுண்டு, பொறுப்பான திணைக்களமுண்டு. லயத்துக்கு இவற்றுள் எது உண்டு என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்த்தல் தகும்.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, புதிய அமைப்புக்களின் நீடிப்புப் பற்றிய ஐயம் மூன்று நிலைகளில் தோன்றுவதைக் காணலாம். முதலாவது, தான் ஏறிச்செல்லும் வண்டியைத் தானே சோதிப்பவரின் ஐயம். மரின் மலைச்சரிவில் மசகு அடைத்த இளைஞரின் ஐயம் இத்தகையது. அவர் ஐயுற்றால் வண்டியைத் திருத்தலாம், இறங்காதும் விடலாம். இரண்டாவது, மூலதனத்துக்காகப் பொறியியலாளர் கொள்ளும் ஐயம். இது அளவையாகவும் வரைபடமாகவும் அறிக்கையாகவும் நிலைபெறுகின்றது. மூன்றாவது, தாம் தேர்ந்தெடுக்காத சரிவில் வாழ்வோரின் ஐயம். மழையிரவில் உறங்காது சுவரின் வெடிப்பைப் பார்த்திருப்போரின் அறிவு அது. முதலிரண்டும் தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. மூன்றாவது இன்னும் வரலாறாகவில்லை.

அதனை வரலாறாக்குவது ஆய்வாளரின் கடமை. தோட்டந்தோறும் முதியோரிடம் சரிவு, நீரோட்டம், பழைய வெடிப்பு, கைவிடப்பட்ட லயம் என்பன பற்றி வழங்கும் வாய்மொழிச் செய்திகள் திரட்டப்பட வேண்டும். அவை நாட்டார் வழக்கியலுக்கு மட்டுமன்றி நிலவியலுக்கும் சான்றாகும். ஆனால் சான்று திரட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. உறுதியான நிலத்தில் உறுதியான வீடும், அந்நிலத்தின் மீது சட்டபூர்வமான உரிமையும் கிடைக்கும்போதே அவ்வையம் அதிகாரம் பெறும். உரிமையுடையவரின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பது எளிதன்று.

பாலத்தின் கீழே படுத்த மனிதரின் கதையை மலையக மக்கள் நூறாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். உறுதி கூறுபவரே அவ்வுறுதியின் கீழ் இருத்தல் வேண்டும் என்பது அக்கதை விதிக்கும் நிபந்தனை. சரிவுகளில் லயங்களை அமைத்தோர் எவரும் அவற்றில் ஓரிரவேனும் உறங்கியதாகக் கதையும் இல்லை, ஏடும் இல்லை.